மெல்ல ஓடும் துணிவு

மும்பை மாநகரின் தாதர் பகுதியில் உள்ள சிவாஜி பார்க் மைதானத்தைச் சுற்றி, நாள்தோறும் விடியற்காலையில் பலர் நடக்கின்றனர், சிலர் ஓடுகின்றனர். அங்கே நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர் முதன்முதலாக ஓட வருவதாக வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்தே பணியாற்றியவர். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் எச்சரித்திருக்கிறார். காலில் புதிய காலணிகள், உள்ளத்தில் உறுதி. முன்னால் செல்லும் இளைஞனைக் கண்டதும் தாமும் வேகமாக ஓடத் தொடங்குகிறார். இரண்டு நிமிடங்களில் மூச்சு முட்டுகிறது. மைதானத்தைச் சுற்றியுள்ள தாழ்ந்த சுவரின்மீது அமர்ந்துவிடுகிறார். மறுநாள் முழங்கால் வலி. மூன்றாம் நாள் அவர் வரவில்லை. “ஓட்டம் எனக்கு ஒத்துவராது” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்.

அவரிடம் எது குறைந்திருந்தது? மன உறுதி என்றுதான் பலரும் சொல்வர். ஆனால் உறுதி அவரிடம் நிறையவே இருந்தது. தமது இன்றைய நிலையை ஏற்றுக்கொள்ளும் பணிவே இல்லை. இருபது வயதில் தமக்கு இருந்த உடலை நினைத்துக்கொண்டு அவர் ஓடினார். ஓட வேண்டியிருந்ததோ நாற்பத்தைந்து வயது உடல்.

இத்தகைய பாடத்தை ஓட்டக்கலையின் ஆசிரியர் ஒருவரே கற்க நேர்ந்தது. பில் பௌவர்மன் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற ஓட்டப் பயிற்சியாளர். 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நியூசிலாந்து சென்றார். அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் இருந்தார். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்நெல்லும் மரே ஹால்பெர்க்கும் தங்கம் வென்றிருந்தனர். அந்த லிடியார்ட், வயதானவர்களையும் இதயநோயிலிருந்து மீண்டவர்களையும்கூட மெதுவாக ஓடப் பழக்கிவந்தார். ஒரு நாள் அத்தகைய எளிய மனிதர்களுடன் பௌவர்மனும் ஓடினார். அப்போது அவருக்கு வயது 51. சிறிது தொலைவிலேயே அவர் பின்தங்கினார். எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவருக்குத் துணையாக ஓடினார்.

பிறருடைய ஓட்டத்தை நொடிக்கணக்கில் அளந்தவர் தம்மை அளந்து பார்க்கத் தவறியிருந்தார். எனினும் அதை அவமானமாக அவர் கொள்ளவில்லை. தாமும் மெல்ல ஓடப் பழகினார். தாயகம் திரும்பி, சாதாரண மக்களுக்கு அதைக் கற்பித்தார். வால்டோ ஹாரிஸ் என்ற இதயநோய் மருத்துவருடன் சேர்ந்து 1967-இல் மென்னோட்டத்தைப் பற்றிய ஒரு நூலையும் வெளியிட்டார்.

மெல்லத் தொடங்குதல் என்றால் எவ்வளவு மெல்ல? 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் புதியவர்களுக்காக வகுத்த ஒன்பது வார முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. வாரத்தில் மூன்று நாட்கள் மட்டுமே பயிற்சி. முதல் வாரத்தில், ஐந்து நிமிடம் விரைந்து நடந்த பிறகு, 60 விநாடி மென்மையான ஓட்டம், 90 விநாடி நடை என 20 நிமிடங்கள் மாறி மாறிச் செய்ய வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளில் ஓடுவது எட்டு நிமிடங்களே. உடன் வருபவரிடம் தடையின்றிப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுதி என்பது பொருள்.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகத் தொடங்குகின்றன. தசைநாண்களும் எலும்புகளும் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று வேகத்தையும் தூரத்தையும் கூட்டுபவர், கணுக்கால், முழங்கால் வலியால் வீட்டில் முடங்குவது இதனாலேதான். இடையில் வரும் ஓய்வு நாளும் பயிற்சியின் ஒரு பகுதியே.

“இவ்வாறு உடலிடம் மென்மை காட்டுவது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாதா?” என்ற கேள்வி எழலாம். கேள்வி நியாயமானதே. சோம்பலும் மென்மையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதுண்டு. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. சோம்பல் இன்றைய கடமையை நாளைக்குத் தள்ளுகிறது. மென்மையோ, நாளை மறுநாளும் வர வேண்டும் என்பதற்காக இன்று அளவோடு நிறுத்துகிறது. முன்னதற்குத் தொடர்ச்சி இல்லை. பின்னதற்குத் தொடர்ச்சியே உயிர். அப்பியாசம் என்று பெரியோர் கூறியதும் இந்த இடையறாத தொடர்ச்சியைத்தான்.

மேலும், தன்னிடம் காட்டும் கடுமை எல்லாம் தவம் ஆகிவிடாது. “என்னால் இவ்வளவுதானா?” என்று தன் உடலைக் கடிந்துகொள்பவரின் உள்ளத்தில், பெரும்பாலும் அகந்தையே புண்பட்டிருக்கிறது. நெரிசல் மிகுந்த ரயிலில் நின்றும், நேரம் தவறி உண்டும், உறக்கம் இழந்தும் குடும்பத்தைத் தாங்கிய உடல் அது. அதை வெறுப்பதும் ஒருவகை இம்சைதான். தம் மூச்சிரைப்பைப் பொறுக்காதவர், கணக்குப் புரியாமல் விழிக்கும் மகனையும், படியேறத் தடுமாறும் தாயையும் எவ்வாறு பொறுப்பார்? மாறாக, தம் தளர்ச்சியைப் பரிவோடு பார்க்கப் பழகியவருக்குப் பிறர் தளர்ச்சியும் புரியத் தொடங்குகிறது. பௌவர்மனுக்காக வேகத்தைக் குறைத்த அந்த முதியவரும் ஒரு காலத்தில் முதல் அடி வைத்தவர்தானே!

சிவாஜி பார்க்குக்கு வந்த அந்த மனிதரும் மீண்டும் வரலாம். இம்முறை அவர் மருத்துவரைக் கலந்துகொண்டு வருகிறார். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பதையும் அறிந்திருக்கிறார். ஐந்து நிமிடம் விரைந்து நடக்கிறார்; பிறகு ஒரு நிமிடம் மெல்ல ஓடுகிறார்; மீண்டும் நடக்கிறார். சேலையும் விளையாட்டுக் காலணியும் அணிந்த மூதாட்டி ஒருவர் விறுவிறுவென்று நடந்து அவரைக் கடந்து செல்கிறார். அவருடைய கால்கள் ஒரு கணம் துடிக்கின்றன. பிறகு அவர் புன்னகைத்துக்கொள்கிறார், வேகத்தைக் கூட்டவில்லை. அன்றைய பயிற்சியில் அவருடைய உடலைவிட உள்ளமே அதிக தூரம் சென்றிருக்கிறது. நாளை மறுநாளும் அவர் வருவார்.