அகராதியில் இருக்கிற சொல்

கவிதை எழுதுகிறவனுக்கு அகராதி எதற்கு என்ற கேள்விக்குச் சென்ற வருஷம் வரை என்னிடம் திட்டவட்டமான பதில் இருந்தது. எதற்கும் இல்லை என்பதுதான் அது. அம்மா வாயில் வந்த வார்த்தை, தெருவில் காதில் விழுந்த வார்த்தை, கோபத்தில் சொல்லிவிட்டுப் பிறகு வருந்திய வார்த்தை, இவை போதும். அதற்கு மேல் புரட்டித் தேடி எடுக்கிற சொல் இரவல் நகை. கல்யாணம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டியது. இப்படி எழுதியும் இருக்கிறேன், சற்று மிடுக்காகவே.

இந்தக் கொள்கையோடு ஓர் இளைஞரின் முதல் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு கவிதை: சாயங்கால வீடு, அடுப்பு, வெளியூர் போன தகப்பன். நடுவில் 'ஆணம்' கொதிக்கிறது. சொல் எனக்குத் தெரியாது. லெக்சிகனை எடுத்தேன். நேயம் என்று கண்ணில் பட்டது. மூடிவிட்டேன். நேயம் கொதிக்கிறதாம்! நிகண்டில் தூங்கிக்கொண்டிருந்த சொல்லை எழுப்பி அடுப்பில் ஏற்றியிருக்கிறார், அனுபவத்தின் வறுமையை அகராதியால் போர்த்துகிறார் என்று ஒரு பத்தி எழுதினேன். நண்பர்கள் சிலர் குறிப்பாக அந்தப் பத்தியைப் பாராட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம். கோபமில்லை. 'எங்கள் வீட்டில் குழம்பைத்தான் ஆணம் என்போம், சார். அன்றைக்கு மீன் ஆணம்.' அவ்வளவுதான். தமிழ் முஸ்லிம் வீடுகளில் நித்தியம் புழங்குகிற சொல். லெக்சிகனை மறுபடி திறந்தேன். குழம்பும் அங்கேயே இருந்தது.

நான் வங்கிக் குமாஸ்தா. காசோலையில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும்; இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது 1881ஆம் வருஷத்துச் சட்டம். கவுண்டரில் நாங்கள் அந்த வம்புக்கே போவதில்லை. திருப்பிக் கொடுத்து, எழுதியவரையே கேட்டு வரச் சொல்கிறோம். பகலெல்லாம் இதைச் செய்கிறவன் ராத்திரி ஒரு கவிஞனின் சொல்லை அவனைக் கேட்காமலே செல்லாது என்று முத்திரை குத்தியிருக்கிறேன்.

சோம்பல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் விஷயம் அதுவல்ல. அம்மா வாயில் வந்த வார்த்தை என்று நான் எழுதியபோது யாருடைய அம்மா என்று யோசித்ததே இல்லை. என் அம்மாவின் தமிழ்தான் உயிருள்ள தமிழ், மற்றதெல்லாம் ஏட்டுத் தமிழ் என்ற நினைப்பு உள்ளே இருந்திருக்கிறது.

பழைய புலவர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. திவாகரமும் பிங்கலமும் மனப்பாடத்துக்காகச் செய்யுளிலேயே செய்யப்பட்டவை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்தது. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியில்கூடப் பெயர், பொருள், தொகைக்குப் பிறகு நான்காவதாகத் தொடை நிற்கிறது. ஆக, நம்மிடம் அகராதி பெருமளவுக்குச் செய்யுள் கட்டுகிறவனுக்காகவே பிறந்த சாதனம். சீருக்கும் எதுகைக்கும் பொருந்த நிலவுக்குப் பத்துப் பெயர் தேவைப்பட்டது அவனுக்கு. யாப்பை விட்டுவிட்ட நமக்கு அந்தப் பத்தும் வேண்டாம். (பி.ஏ. படித்தபோது கல்லூரி நூலகத்தில் ரோஜெட் தெசாரஸைக் கட்டிக்கொண்டு ஆங்கிலக் கவிதை எழுதினோம் சிலர். அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.) நமக்கு வேண்டியது ஒரு சொல்லை யார், எங்கே, எதற்குச் சொல்கிறார்கள் என்பது.

அப்படிப் பார்த்தால் என் அலமாரி ஒழுங்கு மாற வேண்டியிருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த லெக்சிகன் இல்லாமல் முடியாது. பிரயோகத்துக்கு ஆதாரம் காட்டுகிற அதன் நாணயம் பெரிது. ஆனால் முதல் பொருளோடு மூடிவிடுகிறவனை அதனால் காப்பாற்ற முடியாது. க்ரியாவின் அகராதி (1992; மூன்றாம் பதிப்பு 2020) வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறது. கைக்கெட்டும் தட்டில் இருக்க வேண்டியவை கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதி (1982), பெருமாள்முருகனின் கொங்கு வட்டார அகராதி (2000), கண்மணி குணசேகரனின் நடுநாட்டு அகராதி (2007). மூன்றையும் செய்தவர்கள் எழுத்தாளர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிறவனைவிட, மதிப்புரை எழுதுகிறவனுக்குத்தான் இவை அவசரத் தேவை.

எழுதுகிறவன் சமாசாரம் எனக்கு இன்னும் தீரவில்லை. அப்பா இறந்தபோது ஒரு கவிதை எழுதினேன். அந்த விடியற்காலையில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே இருந்தது பகலா இரவா என்று சொல்லத் தெரியவில்லை. என் வீட்டு வார்த்தை ஒன்றும் வரவில்லை. பிறகொரு நாள் வேறு எதையோ தேடும்போது 'எல்' என்ற சொல் அகப்பட்டது. ஒளி, பகல் என்றும் பொருள், இரவு என்றும் பொருள். அதை அப்படியே கவிதையில் வைத்தேன். அப்பா ஆயுளில் ஒரு முறைகூட அந்தச் சொல்லைச் சொன்னவரல்ல. படித்துக் காட்டியிருந்தால் என்னடா இது என்றிருப்பார். என் கொள்கைப்படி அது இரவல் நகை. ஆனால் அந்த ஜன்னலுக்கு அதைவிட உண்மையான சொல் என்னிடம் இல்லை. நாலு வருஷமாகக் கவிதை மேஜை டிராயரில் கிடக்கிறது. சொல்லை அடிக்கவும் மனம் வரவில்லை, அச்சுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அந்த இளைஞருக்கு இந்த அவஸ்தை இல்லை. அவருடைய சொல் அடுப்பிலேயே இருந்தது.

மதிப்புரைக்குத் திருத்தமாக மூன்று வரி எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். மூன்று வரியாகப் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள், கட்டுரையாக எழுதுங்கள் என்றார்.