ஏழையைப்போல ஒரு பயணம்

வியன்னாவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பிராட்டிஸ்லாவா. தோளில் ஒற்றைப் பை, பத்துப் பேர் படுக்கும் விடுதி அறை, ராத்திரிக்கு ரொட்டி. நான் போனபோது எல்லையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ‘காசில்லாம தனியா சுத்துறதுதான் சுதந்திரம்’ என்பார்கள். ஆனால் ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கையும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டையும் காட்ட வேண்டும். ஏழையைப்போலச் சுற்றுவதற்கு, ஏழை இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும்.

எங்கள் கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகளும் எல்லை தாண்டுகின்றன. பாக் நீரிணையில் 1974இல் போட்ட கோடு தண்ணியில தெரியாது. பிடிபட்டால் சிறை, படகும் போகும். அந்தக் கரை மீனவரின் பிழைப்பும் அங்கேதான் இருக்கிறது; கோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படகில் போகும் கூலியாளின் வெறுங்கையை யாரும் சுதந்திரம் என்பதில்லை. என் சிக்கனம் பொய்யில்லைதான். என்னை எல்லை தாண்ட விட்டது அதுவல்ல.