விசுவாசமும் நியாயப்பிரமாணமும்

மனிதர் கடவுள்முன் நீதிமானாவது விசுவாசத்தினாலா, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வதினாலா என்ற கேள்வி, சாப்பாட்டுப் பந்தி ஒன்றில் சச்சரவாக வெடித்தது. சிரியாவின் அந்தியோகியாவில் யூத விசுவாசிகளும் மற்ற இனத்து விசுவாசிகளும் ஒன்றாக உண்டுவந்தனர். பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்தார். எருசலேமிலிருந்து அங்குள்ள சபைத் தலைவர் யாக்கோபின் தரப்பார் சிலர் வந்ததும் அவர் மெல்ல விலகிக்கொண்டார். பவுலின் உடனூழியர் பர்னபாகூட அவர் பின்னால் போய்விட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் இதைச் சொல்லும்போதும் அவருடைய கோபம் ஆறவில்லை.

புறஜாதியார் விருத்தசேதனம் செய்துகொள்ளத் தேவையில்லை என்று வாதாட, பவுல் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார். ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது ஆதியாகமம் 15இல். விருத்தசேதனக் கட்டளை வருவதோ 17இல். மோசேயின் பிரமாணம் ஆபிரகாமுக்குக் கிடைத்த வாக்குறுதிக்கு 430 ஆண்டுகள் பிந்தியது என்பது பவுலின் கணக்கு. முந்திய வாக்குறுதியைப் பிந்திய சட்டம் ரத்துசெய்ய முடியாது. ஆனால் பிரமாணம் கெட்டது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ரோமர் 7இல் அதைப் பரிசுத்தமானது என்கிறார்.

யாக்கோபின் நிருபம் அதே ஆபிரகாமை எதிர்த்தரப்புக்குக் கூப்பிடுகிறது: ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியபோது அவரது விசுவாசம் கிரியையினால் நிறைவுபெற்றது, கிரியை இல்லாத விசுவாசம் செத்தது. பதினாறாம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதருக்கு இந்த நிருபம் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

அகுஸ்தீனிய சபைத் துறவியான லூதரின் கவலை பந்தியைப் பற்றியதல்ல. எவ்வளவு நோன்பிருந்தாலும், எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்தாலும் தம் மனச்சாட்சி அடங்கவில்லையே என்பதுதான். ரோமர் நிருபத்தில் அவர் கண்ட விடை, கிருபை இலவசம், அதை ஏற்கும் கை விசுவாசம் மட்டுமே என்பது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் வெளியிட்ட ஆணையில் இந்த ‘மட்டுமே’யை மறுத்தது. அதே ஆணையின் முதல் விதி, கிருபையின்றித் தன் கிரியையால் ஒருவர் நீதிமானாகலாம் என்பதையும் கண்டித்தது. சீர்திருத்தத் தரப்பு வாதங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999இல் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, பழைய கண்டனங்கள் இன்றைய போதனைக்குப் பொருந்தாது என்று ஏற்றுக்கொண்டன.

இதற்கிடையே பவுலைப் பற்றிய ஆய்வே திசைமாறியிருந்தது. புண்ணியக் கணக்குப் பார்த்து மீட்பு வாங்கும் மதமாக யூதத்தைச் சித்திரித்தது தவறு என்று 1977இல் இ. பி. சாண்டர்ஸ் காட்டினார்: உடன்படிக்கை கடவுளின் கிருபையால் கிடைத்தது, கட்டளைகள் அதில் நிலைத்திருப்பதற்கு. ஜேம்ஸ் டன் இன்னும் ஒரு படி போனார். பவுல் எதிர்க்கும் ‘கிரியைகள்’ பொதுவான நற்செயல்கள் அல்ல. விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்று யூதரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டிய அடையாளங்களே முதன்மையாகக் குறிக்கப்படுகின்றன என்றார்.

அந்தியோகியச் சச்சரவுக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ரோமர் 4இல்தான் இடிக்கிறது. வேலை செய்தவனுக்குக் கொடுக்கும் கூலி தானமாகாது, அது அவனுக்குச் சேரவேண்டிய கடன் என்று பவுல் அங்கே வாதிடுகிறார். உணவும் ஓய்வுநாளும் அந்த வாதத்தில் வரவே இல்லை. விருத்தசேதனமும் சில வசனங்கள் கழித்துத்தான் வருகிறது.