உண்ண மறுக்கும் உரிமை

பதினான்கு அகவைச் சிறுமி ஒருத்தி உணவுத் தட்டின் முன் அமர்ந்திருக்கிறாள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிச் சில நாள்களே ஆகின்றன. "இதை உண்டு முடித்தபின் எழுந்திரு, அம்மா" என்கிறார் தாய். "என் உடம்பு, என் விருப்பம்" என்கிறாள் மகள். இவ்விருவருள் அறம் யார் பக்கம் நிற்கிறது?

தனிமனித உரிமையைப் போற்றும் இக்காலத்தில் மகளின் சொல்லைத் தள்ளிவிடுதல் எளிதன்று. ஆயினும், அது அவளுடைய சொல்தானா என்பதை முதற்கண் வினவுதல் வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் 1944ஆம் ஆண்டு இறுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நல்ல உடலும் உள்ளமும் கொண்ட 36 இளைஞர்கள் அதற்குத் தாமே முன்வந்தனர். ஆறு திங்கள் அவர்களுக்குக் குறைந்த உணவே அளிக்கப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்தது. அதனினும் வியப்பூட்டியது அவர்தம் மனமாற்றமே. ஓயாது உணவையே எண்ணினர். சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். ஒரு தட்டு உணவை நெடுநேரம் அளைந்து உண்டனர். நட்பையும் நகைச்சுவையையும் துறந்தனர். பட்டினி சிந்தனையையும் பற்றிக்கொள்ளும் என்றால், மெலிந்த சிறுமியின் வாயில் ஒலிப்பது பாதி அவள் குரல், பாதி பட்டினியின் குரல்.

இந்நோய்க்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என 1870களில் பெயரிட்டவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல். பசியின்மை என்று பொருள்படும் அப்பெயரே பொருந்தாப் பெயர்; நோயாளிக்குப் பசி உண்டு, அதனோடு அவர் போராடுகிறார். உற்றார் உறவினர் இந்நோயாளியைப் பேணத் தகாதவர் என்பது அம்மருத்துவரின் கருத்து. அதன்பின் நெடுங்காலம் பெற்றோரைப் பிரித்து வைத்தலே மருத்துவமாகக் கருதப்பட்டது.

அக்கருத்தை அசைத்ததும் இலண்டன் நகரமே. மாட்ஸ்லி மருத்துவமனையின் ஜெரால்டு ரசல் குழுவினர் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மருத்துவமனையில் எடை தேறி வீடு திரும்பியோருள், இளம் அகவையில் நோயுற்று மூன்றாண்டு கடவாதவர்களுக்கு, தனியாள் சிகிச்சையைவிடக் குடும்பத்தோடு கூடிய சிகிச்சையே மிக்க பயன் தந்தது. 2010இல் அமெரிக்காவில் 121 இளையரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டான பின், குடும்பவழிச் சிகிச்சை பெற்றோருள் 49 விழுக்காட்டினரும் தனியாள் சிகிச்சை பெற்றோருள் 23 விழுக்காட்டினரும் முழுநலம் எய்தியிருந்தனர். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணுவது ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்முறையில் குடும்பத்தினர் குறித்த நாள்களில் மருத்துவரைக் கண்டு வீடு திரும்புவர். முதற்கட்டத்தில் எதை, எவ்வளவு உண்பது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர். வாயைத் திறந்து திணிப்பதன்று. அடிப்பதும் ஏசுவதும் அறவே கூடா. எடை தேறத் தேற அம்முடிவு சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திரும்பும். சிறார் சொத்தைக் காப்பாளர் ஏற்று நடத்துவது போன்றதே இது. காப்பாளர் கணக்கை ஒப்படைக்க மறுத்தால் அதன் பெயர் வேறு! பிள்ளை தேறிய பின்னும் கவளத்தை எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோர் அந்தக் குற்றத்திற்கு ஆளாவர். நாடித்துடிப்பு தாழ்ந்து உயிருக்கு ஊறு நேரும் நிலையில் வீடு போதாது; மருத்துவமனையே வேண்டும். கொடுமை நிலவும் வீட்டிலோ இவ்வதிகாரத்தைப் பெற்றோரிடம் தருவதே தீங்கு. வேறு சிலருக்குப் பகற்பொழுதை மருத்துவமனையிலும் இரவை வீட்டிலும் கழிக்கும் முறை பொருந்தும்.

பள்ளி திரும்பும் மாணவியின் நண்பகல் உணவுக்கு ஆசிரியர் ஒருவர் துணையிருக்க வேண்டுமென்று கேட்கப்படுவதும் உண்டு. இங்குத்தான் சிக்கல் நுண்மையாகிறது. "பரவாயில்லையே, உடம்பு தேறிவிட்டதே!" என்று ஆசிரியர் மகிழ்ந்து கூறும் ஒரு சொல்லை, 'பருத்துவிட்டாய்' என்றே அம்மாணவி கேட்பாள், மறுநாள் உணவு அப்படியே திரும்பும். கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பவர் காவலர் ஆகிவிடுகிறார். சிற்றுண்டிச்சாலையின் ஓர் ஓரத்தில் தம் பொட்டலத்தையும் பிரித்து உடன் உண்ணும் ஆசிரியரிடம், அவள் உணவைப் பற்றி ஒன்றும் பேசாமல், கணக்குத் தேர்வைப் பற்றிக் குறைகூறிக்கொண்டே அரைத்தட்டுச் சோற்றை உண்டு முடிக்கலாம்.