கடன்பட்ட உழைப்பாளியின் கணக்கு

 



மாதம் பிறந்தால் சம்பளம் என்ற வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தோன்றியது. அதைச் சுற்றியுள்ள மேனாம்பேடு போன்ற பகுதிகளில் லேத் பட்டறை வைத்திருப்போர், வெல்டிங் செய்வோர், தையற்காரர், ஆட்டோ ஓட்டுநர், பழைய இரும்பு வாங்கி விற்போர் எனச் சொந்தக் கையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஒரு மாதம் கை நிறையும். மறுமாதம் கை காயும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் மின் கட்டணமும் மட்டும் தவறாமல் வந்துவிடும். இடையில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் கடன் வாசலுக்கு வருகிறது.

கடன் வாங்குவதே பாவமா? இல்லை. நமது நாயகம் (ஸல்) அவர்கள் உலகைப் பிரிந்த வேளையில், அவர்களின் போர்க்கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் ஈடாக இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பதை புகாரியில் காண்கிறோம். தேவைக்குக் கடன் பெறுவது இழிவல்ல. ஆயினும் அது இலேசான சுமையும் அல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் சேர்த்தே பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்லவும், வாக்களித்தால் மாறவும் நேரிடுகிறது என்று விளக்கினார்கள். கடன் பணத்தை மட்டும் தின்பதில்லை. நாவின் உண்மையையும் தின்றுவிடுகிறது.

தண்டலும் மீட்டரும்

பட்டறைக்காரர் ஒருவர் தண்டலில் 10,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசலும் நாள்தோறும் குறைந்து வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும்! கைப்பேசிச் செயலிகள் தரும் அவசரக் கடன்களிலும் இதே தந்திரம் பல உண்டு. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிம் நூலில் வருகிறது. தமிழக அரசும் 2003-இல் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்ற கொடுமைகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அதன் பின்னும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்து வட்டிக் கடனால் ஒரு தம்பதியும் அவர்களின் இரு பிஞ்சுக் குழந்தைகளும் மாண்டதை நாடே கண்டு கலங்கியது. எந்தக் கடனும் உயிரினும் பெரிதல்ல. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பது முஃமினுக்கு ஆகாது.

வழி என்ன?

முதலாவது, எழுதுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதன்று. தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது! யாருக்கு, எவ்வளவு, எந்நாளில் என்று ஒரு நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டை மனைவியும் அறிந்திருக்கட்டும். ஒளித்து வைத்த கடன் மவுத்துக்குப் பின் பிள்ளைகள் தலையில்தான் இடியாக விழும்.

இரண்டாவது, நபி யூசுப் (அலை) அவர்களின் பாடம். செழிப்பான ஏழு ஆண்டின் விளைச்சலைச் சேமித்துப் பஞ்சமான ஏழு ஆண்டைக் கடத்தும் வழியை அவர்கள் காட்டினார்கள். ஏறி இறங்கும் வருமானக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? கடந்த ஓராண்டில் மிகக் குறைவாக வந்த மாதத்தைப் பார்த்து வீட்டுச் செலவை அமையுங்கள். கூடுதலாக வரும் மாதத்தின் மிச்சத்தில் முதலில் கடன், அடுத்துச் சேமிப்பு. புதுக் கைப்பேசியும் விருந்தும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வாடிக்கையாளர் தரும் அட்வான்ஸ் நமது இலாபமன்று. வேலை முடியும் வரை அது நம் மீதுள்ள பொறுப்பு. ஒருவர் தந்த முன்பணத்தை வீட்டுக்குச் செலவழித்துவிட்டு, அடுத்தவர் முன்பணத்தில் அவர் வேலையை முடிப்பவர் தம்மை அறியாமலே கடன் சங்கிலியில் சிக்குகிறார். தொழிலுக்கு ஒரு பை, வீட்டுக்கு ஒரு பை என்று பிரித்து வையுங்கள்.

நான்காவது, தவணை தவறும் என்று தெரிந்தால் தவணைக்கு முன்பே கடன் தந்தவரிடம் சென்று உண்மையைச் சொல்லுங்கள். திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கியவரின் சார்பில் அல்லாஹ்வே நிறைவேற்றி வைக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. கதவைச் சாத்திக்கொண்டு ஒளிபவருக்கு இந்த நற்செய்தி எப்படிப் பொருந்தும்?

முதல் ஸஃப்பில் நிற்பவருக்கு

இதுவரை கடன்பட்டவருக்குச் சொன்னோம். இனி மற்றவருக்கும் சொல்லியாக வேண்டும். சிறு பட்டறைக்காரர் கடனில் விழுவதற்கு ஊதாரித்தனம் மட்டுமா காரணம்? வேலையை வாங்கிக்கொண்டு பில்லை மூன்று மாதம் இழுத்தடிப்பவர்கள் நம்மிலும் இல்லையா? வசதியுள்ளவர் தாமதிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாகக் கூறியுள்ளார்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டமும், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு தொழிலாளருக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்கிறது. சட்டம் தாமதத்திற்கு வட்டியும் பெற்றுத் தரும். நமக்கு உழைத்த அசல் கிடைத்தால் போதும். முதல் ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, பின் ஸஃப்பில் நிற்பவரின் பில்லைப் பையில் வைத்திருப்பவர் சற்றுச் சிந்திக்கட்டும்!

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார் கடன் இருந்தது. அதை அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் தாம் தொழ முன்வராமல், தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழுவித்தார்கள். பிற்காலத்தில் வெற்றிகள் கிடைத்தபோது, வசதியின்றி மரணிப்போரின் கடனை அண்ணலார் தாமே பொறுப்பேற்றார்கள். ஜகாத் பெறும் எண்வகையினருள் கடன்பட்டோரையும் இறைவன் வைத்திருக்கிறான் (9:60). நகையை ஈடாகப் பெற்று வட்டியின்றிக் கடன் தரும் பைத்துல்மால்கள் சில ஜமாஅத்துகளில் நடந்து வருகின்றன. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒன்று இருந்தால் தண்டல்காரனுக்கு நம் தெருவில் என்ன வேலை?

ஸுபைர் (ரலி) அவர்கள் 22 இலட்சம் கடனோடு ஷஹீதானார்கள். நம்பி ஒப்படைத்த பணம் தொலைந்துவிடக் கூடாதென்று அதைத் தம் கடனாகவே ஏற்றுக்கொண்டதால் சேர்ந்த தொகை அது. மகன் அப்துல்லாஹ் (ரலி) நிலத்தை விற்று அடைத்தார்கள். அதன் பின்னும் நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், தந்தையிடம் கடன் பாக்கி உள்ளோர் வாருங்கள் என்று அறிவித்த பிறகே சொத்தைப் பங்கிட்டார்கள். கடனை அவர்கள் கருதியது அப்படி!

வல்ல நாயன் நம் அனைவரையும் கடனின் பாரத்திலிருந்தும் வட்டியின் நெருப்பிலிருந்தும் காப்பானாக! உழைப்பில் பரக்கத்தும், கொடுக்கல் வாங்கலில் நேர்மையும் தந்தருள்வானாக! ஆமீன்.