குயவனைத் தேடுகிறவர்கள்

பானை இருக்கிறது என்றால் குயவன் இருக்கிறான். உலகம் இருக்கிறது என்றால் அதைச் செய்தவனும் இருக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தை இந்த நியாயத்தின் மேல்தான் நிறுத்தினார். அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறிஸ்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவைனாசும் காரியத்தைக் காட்டிக் கர்த்தாவைத் தேடினார். சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாக வகுக்கும்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம்.

இதற்கு மறுப்பும் பழசுதான். மண்ணால் ஆனதெல்லாம் குயவன் செய்தது என்றால் புற்றையும் அவன்தானே வனைந்திருக்க வேண்டும் என்று 7ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த தர்க்கவாதி தர்மகீர்த்தி மடக்கினார். புற்றுக்குப் பால் வைக்கிற வன்னிச் சனத்துக்கும் அதைக் கட்டியது கறையான் என்று தெரியும். குயவன் வனைவதைக் கண்டிருக்கிறோம். அதனால் பானையைப் பார்த்ததும் அவனை ஊகிக்கிறோம். உலகம் வனையப்பட்டதை யார் கண்டது?

தர்க்கம் கிடக்கட்டும். அறக்கணக்குத்தான் எனக்கு இடிக்கிறது.

2009இல் முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களில் தப்பியவர்கள், "கடவுள்தான் எங்களைக் காப்பாத்தினவர்" என்பார்கள். அப்படியென்றால் பக்கத்துப் பங்கரில் செத்தவர்களை யார் கைவிட்டது? "அது அவையின்ர விதி." சித்தாந்தத்தின் விடையும் நல்வினை, தீவினை என்ற இருவினைதான். பால்குடிப் பிள்ளை முற்பிறப்பு வினையால் செத்தது என்றால், செல் அடித்தவன் வெறும் தபால்காரன். வந்த கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனவன். குற்றம் செத்த பிள்ளையின் தலையில். கொன்றவன் கை சுத்தம்.

எனவே சித்தாந்தியின் அளவுகோலையே கேட்டு வாங்குகிறேன். செல்லுக்கு இரும்பும் வெடிமருந்தும் முதற்காரணம். பீரங்கி துணைக்காரணம். நிமித்த காரணம் யார்? அடித்தவனும் அடிக்கச் சொன்னவனும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய்ப் போர்முனையில் நிறுத்தியதற்கும் நிமித்த காரணம் உண்டு. பிடித்தவர் எங்கட ஆள் என்பதற்காக அதை விதியின் கணக்கில் எழுத முடியாது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். இருந்தது கோவில் வாசலில். கேள்வியோ முருகனிடம் அல்ல. ஆமியிடம் கையளித்த பிள்ளை எங்கே என்று அரசைக் கேட்டார்கள். வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டவர்களும் அதையே கேட்டார்கள். மரணச் சான்றிதழும் இழப்பீடும் தருகிறோம் என்று அரசு சொன்னபோது பலர் வாங்க மறுத்தார்கள். இவர்கள் நாத்திகர் அல்லர். நேர்த்தி வைப்பவர்கள், விரதம் பிடிப்பவர்கள். ஆனாலும் காரியம் உண்டென்றால் கர்த்தா உண்டு என்ற வாதத்தை, கர்த்தாவுக்குப் பெயரும் பதவியும் உள்ள இடத்தில் நடத்துகிறார்கள்.

உலகத்தைப் படைத்தவன் உண்டா இல்லையா என்பதில் பிழைவிட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஒரு கொலையை விதி என்று எழுதிவிட்டால், அடுத்த கொலைக்கு அனுமதி கொடுத்தவர்கள் நாங்கள்.