தீண்டும் கையே தொண்டு செய்யும் கை
(வடாலாவில் சாரணச் சிறார்க்கு ஆற்றிய அறவுரை)

 

புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளை வணங்கி இவ்வுரையைத் தொடங்குகின்றேன்.

தொண்டு, அன்பு, பொறை ஆகிய மூன்றையும் பற்றி இச்சிறுவர்களுக்கு எடுத்துரைக்குமாறு இவர்தம் ஆசிரியர் என்னைப் பணித்தார். நான் நூலாலையில் அறுந்த இழைகளைப் பிணைத்து வயிறு வளர்த்தவன். பள்ளியில் கற்றது சிறிது. வேலை முடிந்த பின் விளக்கடியில் அமர்ந்து தானே கற்றது சற்று மிகுதி. ஆதலின் பெரிய சொற்களை அடுக்க வல்லேன் அல்லேன். ஒரே ஒரு செய்தியைச் சொல்ல வந்தேன். எட்டி நின்று வீசி எறிவது தொண்டு ஆகாது. உலகம் எவனைத் தொட அஞ்சுகின்றதோ அவனைத் தொடும் கையே தொண்டு செய்யும் கை. அடுத்த ஞாயிறன்று நீங்கள் தொண்டு புரியச் செல்லவிருக்கும் இடத்திற்கு இச்செய்தி மிகவும் வேண்டுவது.

நீங்கள் அணிந்துள்ள சீருடையின் வரலாற்றை முதலில் அறிக. 1907 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சார்ந்த பிரௌன்சீ என்னும் தீவில் பேடன் பவல் என்பார் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டிப் பாசறை ஒன்று நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாய் உண்டு ஒன்றாய் உறங்கினர். சாரணன் எல்லோர்க்கும் நண்பன் என்பது அவ்வியக்கத்தின் விதி. 1909 ஆம் ஆண்டில் அவ்வியக்கம் நம் நாட்டிற்கும் வந்தது. ஆனால் நடந்தது யாது? வெள்ளையர் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். இந்நாட்டுச் சிறுவர்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். விதி ஏட்டில் இருந்தது, கதவோ சாத்தியிருந்தது. அதனாலன்றோ 1916 ஆம் ஆண்டில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்க நேர்ந்தது! 1921 இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. 1950 நவம்பர் 7 ஆம் நாள் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. ஒரு காலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று நீங்கள் இந்தக் கழுத்துத் துணியை அணிந்து நிற்கின்றீர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். சாரண உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை ஆற்றுவேன் என்னும் பகுதி உண்டு. கடவுள் என்னும் சொல்லுக்கு மாறாகத் தர்மம் என்னும் சொல்லை, விரும்புவோர் சொல்லிக்கொள்ளலாம் என்று இயக்கமே இடம் தந்துள்ளது. ஆகவே பௌத்தப் பிள்ளை எவனும் உள்ளம் ஒன்றும் உதடு ஒன்றுமாய் உறுதிமொழி கூற வேண்டியதில்லை. உன் நெறிக்குப் பிறர் இவ்வளவு இடம் தந்துள்ளனர். நீ பிறர்க்கு எவ்வளவு இடம் தருவாய்? இதுவே நான் உங்களிடம் கேட்கும் வினா.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் ஆபுத்திரன் என்னும் சிறுவனின் வரலாறு வருகின்றது. ஈன்ற தாய் தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தை அவன். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்பான் எடுத்து வளர்த்தான். வேள்வியில் கொல்லக் கட்டியிருந்த பசுவை ஓரிரவு அவன் விடுவித்தான். அதற்காக அடித்தார்கள், பிறப்பைச் சொல்லி இழித்தார்கள், வளர்த்த தந்தையும் கைவிட்டான். பிச்சை கேட்டு நீட்டிய பாத்திரத்தில் கல்லை இட்டார்கள்.

அச்சிறுவன் யாது செய்தான்? மதுரைக்கு நடந்தான். வீடுதோறும் இரந்தான். கண்ணற்றோர், செவியற்றோர், கால் முடங்கியோர், ஆதரவற்றோர், நோயால் நலிந்தோர் ஆகிய அனைவரையும் அழைத்து ஊட்டினான். எஞ்சியதைத் தான் உண்டு, அந்தப் பாத்திரத்தையே தலைக்கு வைத்து உறங்கினான். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பின்னரே. இதை நன்கு கவனியுங்கள், பிள்ளைகளே! அமுதசுரபி கிடைத்ததால் அவன் தொண்டு செய்தான் அல்லன். வெறும் ஓட்டை வைத்துக்கொண்டே செய்தான். கல்லைப் பெற்றவன் பிறர்க்குக் கல்லைத் தரவில்லை, சோற்றைத் தந்தான். ஒதுக்கப்பட்டவன் எவரையும் ஒதுக்கவில்லை.

நிற்க. நம் பகவானின் வாழ்வில் நிகழ்ந்த இரண்டை இனிச் சொல்வேன்.

ஒரு விகாரையில் வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலத்திலேயே புரண்டு கிடந்தார். ஏனையோர் எவரும் அவரை அணுகவில்லை. காரணம் கேட்டபோது, அவரால் தங்களுக்குப் பயன் ஒன்றும் இல்லை என்பதே விடையாயிற்று. பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் சொன்னார். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் பகவானும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதன் பின்பே அவர் பிக்குகளைக் கூட்டி, தாய் தந்தையரைத் துறந்து வந்த நீங்கள் ஒருவரை ஒருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவார் என்றும், தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்றும் அறிவுறுத்தினார். முதலில் கை, பின்னரே வாய். கழுவிய கையோடு நின்று அவர் சொன்ன சொல் அது.

மற்றொரு நாள் இராசகிருகத்தில் பகவான் அறம் உரைத்துக்கொண்டிருந்தார். சுப்பபுத்தன் என்னும் தொழுநோயாளி, மிகவும் வறியவன், கூட்டத்தைத் தொலைவில் கண்டான். சோறு வழங்குகின்றார்கள் போலும் என்று எண்ணி வந்தான். சோறு இல்லை, அறவுரை நடக்கின்றது. சரி, நாமும் கேட்போம் என்று ஒருபுறம் அமர்ந்தான். அக்கூட்டத்தில் மெய்ப்பொருளை உணரும் பக்குவம் உடையவர் யார் என்று பகவான் நோக்கினார். அவர் கண்டது அந்தத் தொழுநோயாளியை! அவன் பொருட்டே தானம், சீலம் முதலாகத் தொடங்கி நான்கு வாய்மைகள் வரை படிப்படியாய் விரித்துரைத்தார். அவன் அங்கேயே அறக்கண் பெற்றான். ஊரார் கண்ணுக்குப் புண் தெரிந்தது. பகவான் கண்ணுக்கு மனிதன் தெரிந்தான்.

இக்கதையை இங்கே கூறக் காரணம் உண்டு. நம் வடாலாவில் உள்ள ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். அங்கேதான் ஞாயிறன்று செல்லவிருக்கின்றீர்கள். 1890 ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆணையராயிருந்த ஆக்வொர்த் என்பாரின் முயற்சியால் அது தோன்றியது. வீடும் உறவும் கைவிட்டு வீதியில் திரிந்த நோயாளருக்குப் புகலிடமாய் ஏற்பட்டது. 1898 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமோ, வீதியில் திரியும் வறிய தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் தந்தது. அச்சட்டம் நீக்கப்பட்ட ஆண்டு 2016! தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாய்க் காட்டும் விதி நீங்கியதோ 2019 இல். மருந்து வந்த பின்னரும் எத்தனை ஆண்டுகள் சட்டம் காத்திருந்தது பாருங்கள்!

இந்நோயைப் பற்றிய உண்மையை நீங்கள் அறிந்து செல்ல வேண்டும். அறியாமையே அச்சத்தின் தாய். இது பாவத்தின் பயன் அன்று. முன்வினைத் தண்டனை அன்று. ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873 ஆம் ஆண்டில் அக்கிருமியைக் கண்டறிந்தார். கைகுலுக்குவதால் பரவாது, அருகில் அமர்வதால் பரவாது, உடன் உண்பதால் பரவாது. மருந்து உண்ணாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்வோர்க்கே வரக்கூடும். அவருள்ளும் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. 1981 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ உண்டால் நோய் தீர்ந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

ஆக்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஆர். கணபதி 1976 ஆம் ஆண்டில் பம்பாய்த் தொழுநோய்த் திட்டம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். நம் தாராவிச் சந்துகளுக்கே மருத்துவம் தேடி வந்தது. 2005 ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதையும் சேர்த்து நோக்க, 10,000 பேரில் ஒருவர் என்னும் அளவுக்கும் கீழே நோய் இறங்கியது. ஆயினும் உலகில் புதிதாய்க் காணப்படும் நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே. மருந்து நோயைத் தீர்க்கும். மனிதன் மனத்திலுள்ள அருவருப்பைத் தீர்க்க எந்த மாத்திரையும் இல்லை. அது உங்கள் வேலை.

பெரியோர்களே! இனி நான் கூறுவது உங்களுக்கும் உரியது. பம்பாய் நூலாலைகளில் நம்மவர் எங்கே வேலை செய்தனர்? பெரும்பாலும் நூற்புப் பகுதியில். கூலி மிகுந்த நெசவுப் பகுதிக்குள் அவர்களை விடவில்லை. ஏன்? தார் மாற்றும்போது நூல் நுனியை நாடாவின் துளையில் வைத்து வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவன் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைக்கமாட்டோம் என்றனர், அருகே நின்று உழைத்த தொழிலாளர்களே! 1928 ஆம் ஆண்டு வேலைநிறுத்தக் காலத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இவ்வநீதியை எடுத்துரைத்து நியாயம் கேட்டார். முதலாளியின் ஒடுக்குமுறையை எதிர்த்து நின்றவனுக்கும் தன் மனத்திலிருந்த தீண்டாமை கண்ணில் படவில்லை.

பாபாசாகேப் இதனைப் படிநிலைச் சமனின்மை என்று விளக்கினார். ஏணியில் மிதிபட்டவன், தனக்குக் கீழே ஒருவன் இருக்கின்றான் என்று ஆறுதல் கொள்கின்றான். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியது ஏணியின் மேற்படியில் ஏறுவதற்கோ? அன்று, ஏணியையே விட்டு இறங்குவதற்கு. அப்படியிருக்க, குப்பை வண்டியோடு வருபவரைக் கண்டு நம் வீட்டுப் பிள்ளை மூக்கைப் பொத்துவானாயின், தொழுநோயாளர் தந்த நீரைக் கீழே கொட்டுவானாயின், நாம் விட்டது எதனை? நாடாவில் வாய் வைக்க மறுத்தவனுக்கும் நமக்கும் வேற்றுமை யாது?

பொறை என்பதையும் இவ்வாறே உணர்க. பிடிக்காததைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது பொறை அன்று. நாளந்தாவில் உபாலி என்னும் செல்வர் நிகண்டர்களின் நெறியில் நின்றவர். பகவானோடு வாதிட வந்து, அவர் சீடரானார். அப்போது பகவான் அவரை முதலில் நன்கு ஆய்ந்து முடிவு செய்யுமாறு சொன்னார். பின்னர், அவர் இல்லம் நிகண்டத் துறவியருக்கு நெடுங்காலம் நீர்நிலை போல் உதவியதை நினைவூட்டி, அவர்களுக்கு உணவளிப்பதை நிறுத்தற்க என்று அறிவுறுத்தினார். நெறி மாறலாம், வாயிற்கதவு அடைபடலாகாது. நெறி மாறி வந்த நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. பாசறையில் உன் பக்கத்துக் கூடாரத்தில் ஒருவன் தொழுகை செய்வான். ஒருவன் செபம் சொல்வான். ஒருவன் நீறு பூசுவான். அவனை எள்ளாதே. அவன் உன்னை எள்ளினால் அஞ்சாமல், சினவாமல், உன் நெறியை எடுத்துச் சொல். பிறகு அவனோடு சேர்ந்து பானையைக் கழுவு.

நீங்கள் கற்கும் முடிச்சுகளுள், பருமன் வேறான இரு கயிறுகளைப் பிணைக்கும் முடிச்சு ஒன்று உண்டு. ஆலையில் அறுந்த இழையைச் சேர்க்க நாங்கள் இடும் முடிச்சும் அமைப்பில் அதுவே. மெல்லிய கயிற்றைத் தடித்ததாய் மாற்றிவிட்டு அது கட்டுவதில்லை. தடித்தது தடித்ததாகவே, மெல்லியது மெல்லியதாகவே இருக்கப் பிணைக்கின்றது. இழுக்க இழுக்க இறுகுகின்றது. பொறையும் அத்தகையதே.

இனி, ஞாயிறன்று செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். அங்குள்ளோரை வேடிக்கை பாராதீர்கள், படம் எடுக்காதீர்கள். தமிழரை ஐயா, அம்மா என்றும், மராத்தியரைக் காகா, மாவுசி என்றும் அழையுங்கள். உங்களுக்குத் தோன்றியதைச் செய்யாமல், அவர்க்கு வேண்டுவதைக் கேட்டுச் செய்யுங்கள். கடிதம் எழுதித் தரச் சொன்னால் எழுதுங்கள். பேச்சுத்துணை போதும் என்றால் அருகில் அமர்ந்து கேளுங்கள். தேநீர் தந்தால் வாங்கிப் பருகுங்கள். அவர்தம் கை நீண்டால், விரல் மடங்கிய கையாயினும், பற்றிக்கொள்ளுங்கள். திரும்பிய பின், தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் கண்டால் மறைக்காமல் மருத்துவரிடம் செல்க என்று உங்கள் சந்தில் பத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள். அந்நோயின் பெயரை வசைச்சொல்லாய் எவனேனும் வீசினால், அன்போடு தடுத்து நிறுத்துங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை வீடு திரும்பியதும், எங்கே போய் எதைத் தொட்டாய் என்று வாசலில் நிறுத்தாதீர்கள். அந்த ஒரு சொல்லால் அவன் கற்றது அனைத்தும் அழியும். நாம் வாசலில் நிறுத்தப்பட்ட மக்கள். நம் வாசலில் எவரும் நிறுத்தப்படலாகாது.

எல்லோரும் நலமுறுக! சாது! சாது! சாது!